நாளை முதல் நடக்கிறேன்

‘சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் அரை மணி நேரம் நடந்து பாருங்கள்’ என்கிறார் மருத்துவர். தலையாட்டிவிட்டு வருகிறோம். அந்தத் தலையாட்டலில் பொய் எதுவும் இல்லை. வரும் வழியிலேயே கான்வாஸ் ஷூ வாங்கிவிடுகிறவர்கள்கூட உண்டு. மூன்று மாதம் கழித்து அவரே ‘நடக்கிறீர்களா?’ என்று கேட்கும்போதுதான் தொண்டை கமறுகிறது. மழை, மழை விட்டால் வெயில், வெயில் தணிந்தால் மைத்துனர் வீட்டுக் கல்யாணம்.

தலையாட்டலுக்கும் நடைக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்துக்கு ஆராய்ச்சி உலகில் ஒரு பெயர் உண்டு: எண்ணத்துக்கும் செயலுக்கும் இடைப்பட்ட இடைவெளி. கனடாவைச் சேர்ந்த ரயன் ரோட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளியும் 2013-இல், அதுவரை வந்திருந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். உடற்பயிற்சி செய்யப்போகிறேன் என்று உண்மையாகவே முடிவெடுத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், 46 சதவீதம், அதைச் செய்யாமலேயே விட்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு வரும் ஒன்றைத் தனிமனிதரின் சோம்பல் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தெருவில் பாதி வீடுகளில் விளக்கு எரியாவிட்டால் பல்பைக் குறை சொல்ல மாட்டோம்; கம்பத்தைப் போய்ப் பார்ப்போம்.

பெரியவர்களை உடல் அசைத்து வாழத் தூண்டுவது எப்படி என்ற ஆராய்ச்சி, சுமார் அரை நூற்றாண்டாக அந்தக் கம்பத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

நடத்துநருக்கு யாரும் ஊக்கம் தரவில்லை

கதை லண்டன் பஸ்களில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று மருத்துவர்கள் குழம்பிக்கொண்டிருந்த நேரம். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், லண்டனின் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரின் உடல்நலப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். ஒரே பஸ், ஒரே சாலை, ஒரே வர்க்கம். ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களுக்கு, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களைவிட அதிகமாக மாரடைப்பு வந்திருந்தது. நடத்துநர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். 1953-இல் ‘லான்செட்’ இதழில் இது வெளிவந்தபோது நம்பாதவர்களே அதிகம். ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே குண்டாக இருந்திருப்பார்கள் என்றார்கள். மோரிஸ் விடவில்லை. சீருடை தைக்கக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவுகளைத் தேடி எடுத்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டபோதும் நடத்துநர்களின் இதயம்தான் நன்றாக இருந்தது. தையற்காரரின் நோட்டைக்கூட மருத்துவச் சான்றாக்கிய அந்த மனிதர் 99 வயது வரை வாழ்ந்தார்.

உடலியக்கம் நல்லது என்பதற்கான சான்றாகவே இந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த நடத்துநர்களில் ஒருவர்கூட, ‘இன்று படி ஏறலாமா, வேண்டாமா?’ என்று யோசித்திருக்க மாட்டார். மேல் தளத்தில் பயணி உட்கார்ந்திருக்கிறார், ஏறித்தான் ஆகவேண்டும். நம் வீடுகளிலும் கிணற்றில் தண்ணீர் இறைக்கவோ உரலில் மாவாட்டவோ யாரும் ஊக்கப் பேச்சு கேட்டதில்லை. அந்த வேலைகளை மோட்டாரும் கிரைண்டரும் எடுத்துக்கொண்ட பிறகு, அசைவது நம் விருப்பத்துக்கு உட்பட்ட ஒன்றாகிவிட்டது. விருப்பம் என்று வந்ததும் ஊக்கம் என்ற கேள்வியும் பிறந்துவிட்டது.

இங்கே ஒரு சொல் விளக்கம். உடற்பயிற்சி என்பது அதற்கென்றே நேரம் ஒதுக்கிச் செய்வது: ஓட்டம், ஜிம், யோகா. உடலியக்கம் அதைவிட அகலமானது. வீடு பெருக்குவது, பஸ் நிறுத்தம் வரை நடப்பது, வயலில் களை பறிப்பது எல்லாம் அதில் சேரும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் வேலையும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. 2022-ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி உலகப் பெரியவர்களில் 31 சதவீதம், அதாவது சுமார் 180 கோடிப் பேர், அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் ஏறக்குறையப் பாதி. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம்.

இன்னொரு எண் நமக்கு நெருக்கமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்தி, 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கேட்கப்பட்டவர்களில் 93.1 சதவீதத்தினர், ஓய்வு நேரத்தில் விளையாட்டாகவோ பயிற்சியாகவோ உடலியக்கம் எதுவும் செய்வதில்லை என்றார்கள். நம் உடலியக்கம் என்று இருந்ததெல்லாம் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான். வேலை நாற்காலிக்கு மாறினால் கையில் மிஞ்சுவது பூஜ்யம்.

முதலில் பயமுறுத்திப் பார்த்தார்கள்

மக்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் செய்வார்கள் என்பதுதான் முதல் நம்பிக்கை. துண்டறிக்கை, சுவரொட்டி, இதயத்தின் குறுக்குவெட்டுப் படம். இந்த நம்பிக்கையை அழகாகச் சோதித்தது 2002-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு. சாரா மில்ன், ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் ஆகிய மூவரும் 248 மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சிறப்பாக எதுவும் செய்யவில்லை. இரண்டாம் குழுவுக்கு, இதய நோயின் ஆபத்தையும் பயிற்சியின் பலனையும் விளக்கும் அறிக்கை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு அதே அறிக்கையோடு இன்னொரு சிறு வேலை: அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வேன் என்று ஒரு வாக்கியமாக எழுதித் தர வேண்டும்.

ஒரு வாரம் போயிற்று. ஒன்றும் செய்யப்படாத குழுவில் 38 சதவீதம் பேர் பயிற்சி செய்திருந்தார்கள். அறிக்கை படித்த குழுவில் 35 சதவீதம். அதாவது பயம் வந்தது, ஆசை கூடியது, கால் மட்டும் அசையவில்லை. நாளும் நேரமும் இடமும் எழுதிய குழுவில் 91 சதவீதம்.

இந்த எண்ணைப் பார்த்து முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்கள் கல்லூரி மாணவர்கள், அளந்தது ஒரே ஒரு வாரம் என்பதை மறந்துவிடக் கூடாது; நாற்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவருக்கு இதே பலன் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இருந்தாலும் காரணம் புரிகிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் முன்வைத்த கருத்து இது. ‘நடக்க வேண்டும்’ என்று நினைக்கும்போது, எப்போது என்ற முடிவை ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முடிவும் ஒரு பேரம், பேரத்தில் நாற்காலிதான் பெரும்பாலும் ஜெயிக்கும். ‘பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றியதும், அப்படியே திரும்பாமல் ஏரிக்கரை வரை போய்வருவேன்’ என்று கட்டிவைத்துவிட்டால் வேன் கிளம்புவதே மணியாகிவிடுகிறது. கோவிலில் மணி அடித்தால் கை தானாகக் குவிவதைப் போல.

இதற்கு முன்பே வேறு கோட்பாடுகளும் வந்திருந்தன. புகைப்பதை விடுபவர்களை வைத்து புரோச்சாஸ்காவும் டிக்ளிமென்டேவும் 1983-இல் உருவாக்கிய படிநிலைக் கோட்பாடு, மனமாற்றம் படிப்படியாக நிகழ்கிறது என்றது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையே அடிப்படை என்றார் ஆல்பர்ட் பண்டூரா. இரண்டும் பாடப்புத்தகங்களில் நிரந்தர இடம் பிடித்துவிட்டன. இரண்டாவது எனக்கு அதிகம் பயன்படுவதாகத் தோன்றுகிறது: முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடித் தோற்பவர், தன்னால் முடியாது என்பதற்கான சான்றைத் தானே தயாரித்துக்கொள்கிறார்.

காசு கொடுத்தால் நடப்பார்களா?

நடப்பார்கள். ஆனால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மிதேஷ் படேல் குழு, எடை கூடிய 281 ஊழியர்களுக்குத் தினமும் 7,000 காலடி என்ற இலக்கை வைத்தது. 13 வாரம். ஒரு குழுவுக்கு இலக்கை எட்டிய ஒவ்வொரு நாளும் 1.40 டாலர். இன்னொரு குழுவுக்குக் குலுக்கல் பரிசு. மூன்றாம் குழுவுக்கு மாதத் தொடக்கத்திலேயே 42 டாலர் உங்களுடையது என்று ஒதுக்கிவிட்டு, எட்டாத ஒவ்வொரு நாளுக்கும் 1.40 டாலரைக் கழித்தார்கள். கணக்குப் போட்டால் முதல் குழுவுக்கும் மூன்றாவதுக்கும் காசு ஒன்றுதான். ஆனால் பணமே பெறாத குழு 30 சதவீத நாட்களில் இலக்கை எட்டியது. காசு சேர்ந்த குழு 35. குலுக்கல் குழு 36. காசு கழிக்கப்பட்ட குழு 45. பையில் விழாத பத்து ரூபாயைவிடப் பையிலிருந்து போகும் பத்து ரூபாய் உறைக்கும் என்பதை நம் சீட்டு நடத்துகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016-இல் வெளியான இந்த ஆய்வின் சோகமான வரி பின்பகுதியில் இருக்கிறது: பணம் நின்ற பிறகு அடுத்த 13 வாரங்களில் குழுக்களுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் மிஞ்சவில்லை.

ஏன் மிஞ்சவில்லை? இதற்கு எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த தன்முடிவுக் கோட்பாட்டில் பதில் தேடலாம். 1971-இல் டெசி மாணவர்களுக்குக் கட்டைகளைச் சேர்க்கும் புதிர் ஒன்றைக் கொடுத்தார். விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் காசு கொடுத்து, பிறகு நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடும் ஆசை குறைந்தது. அதுவரை விளையாட்டாக இருந்தது கூலியாகிவிட்டது. இதிலிருந்து வளர்ந்த கோட்பாடு ஊக்கத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை; அதன் தரத்தைப் பார்க்கிறது.

ஒரே பூங்காவில் நான்கு பேர் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மனைவி திட்டுவார் என்பதற்காக நடக்கிறார். ஒருவர் நடக்காவிட்டால் மனசு குத்துகிறது என்பதற்காக. மூன்றாமவர், பேரப்பிள்ளையைத் தூக்க முதுகு தாங்க வேண்டும் என்று தானே எண்ணி நடக்கிறார். நான்காமவருக்கு அந்த நேரத்துக் காற்றும் கிளிச் சத்தமும் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நால்வரும் ஒரே வேகம். வருடம் கழித்து யார் மிஞ்சுவார்கள்? பெட்ரோ டெய்ஷேராவும் அவருடைய குழுவும் 2012-இல் 66 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்னிரண்டு வகையினரின் பக்கம்தான் சான்றுகள் இருந்தன. மூன்றாமவரின் காரணம் தொடங்குவதற்கும், நான்காமவரின் இன்பம் நீடிப்பதற்கும் கூடுதலாகத் துணைநிற்கிறது. இந்த வகை ஊக்கம் வளர மூன்று தேவைகள் என்கிறார்கள்: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, எனக்கு இது வருகிறது என்ற உணர்வு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு.

ஆனால் காசு எப்போதும் ஆசையைக் கெடுக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். ஜிம்முக்குப் பல முறை போனால் பணம் என்று மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் சார்னெஸ், நீசி என்ற பொருளியலாளர்கள். 2009-இல் வெளிவந்த முடிவு: பணம் நின்ற பிறகும் அவர்கள் வந்தார்கள், அதிலும் முன்பு அந்தப் பக்கமே போகாதவர்கள். இல்லாத ஆசையைக் காசு எப்படிக் கெடுக்கும்?

தவறிய நாளுக்கு அடுத்த நாள்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுக்கு வருகிறேன். கேட்டி மில்க்மன், ஏஞ்சலா டக்வொர்த் ஆகியோரின் தலைமையில் 30 விஞ்ஞானிகள் சேர்ந்து, அமெரிக்காவின் பெரிய ஜிம் தொடர் ஒன்றின் 61,293 உறுப்பினர்களை வைத்து நடத்தியது. 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஆளுக்கொரு யோசனை என்று 54 வகையான நான்கு வாரத் திட்டங்களை ஒரே நேரத்தில், ஒரே அளவுகோலில் சோதித்தார்கள். நினைவூட்டல், பரிசு, புள்ளிகள், பாராட்டு என்று எல்லாம் உண்டு.

45 சதவீதத் திட்டங்கள் ஜிம்முக்கு வரும் எண்ணிக்கையை 9 முதல் 27 சதவீதம் வரை கூட்டின. முதலிடம் பிடித்தது எது தெரியுமா? பெரிய பரிசுத் திட்டம் ஒன்றும் இல்லை. திட்டமிட்ட நாளைத் தவறவிட்டவர் அடுத்த முறை திரும்பி வந்தால், கூடுதலாகச் சுமார் 9 அமெரிக்க சென்ட். ஒரு கடலை மிட்டாய் வாங்கும் காசு. நிபுணர்களைக் கூப்பிட்டு, எது ஜெயிக்கும் என்று ஊகிக்கச் சொல்லியிருந்தார்கள். ஊகத்துக்கும் விளைவுக்கும் தொடர்பே இல்லை. யூடியூபில் ‘ஊக்கத்தின் ஏழு ரகசியங்கள்’ சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

நான்கு வாரம் முடிந்த பிறகும் அளக்கத்தக்க மாற்றத்தை விட்டுச்சென்றவை வெறும் 8 சதவீதத் திட்டங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த 9 சென்ட் ஏன் வேலை செய்தது? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி நடத்திய பழக்க ஆய்வை இதோடு சேர்த்துப் படித்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. 96 பேர் ஏதாவது ஒரு புதிய செயலைத் தினமும் செய்தார்கள். அது யோசிக்காமல் வரும் பழக்கமாக ஆகும் கட்டத்தை நெருங்க, நடுத்தரக் கணக்கில் 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணிக்கப்பட்டது. 21 நாளில் பழக்கமாகும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது கெடவில்லை. நம்மைக் கெடுப்பது தவறிய நாள் இல்லை. ‘சரி, விட்டுப்போயிற்று, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பார்த்துக்கொள்வோம்’ என்று மறுநாள் சொல்லிக்கொள்வது.

காலடிக் கணக்கிலும் இப்படி ஒரு கெடுபிடி இருக்கிறது. 10,000 காலடி என்பது மருத்துவம் தந்த எண் என்றே பலர் நினைக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயர் அது: ‘மன்போ-கேய்’, பத்தாயிரம் அடி அளவி. சராசரி 72 வயதுள்ள சுமார் 16,700 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்த ஐ-மின் லீ குழு 2019-இல் சொன்னது: நாளுக்கு 2,700 காலடி வைத்தவர்களைவிட 4,400 வைத்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு, 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. 6,000-இல் நிற்கிறவர் தோற்றுவிட்டதாக நினைத்துக் கருவியைக் கழற்றிவைப்பது எவ்வளவு பரிதாபம். கருவியின் மேல் குற்றம் இல்லை. 2007-இல் 26 ஆய்வுகளைத் தொகுத்தபோது, அதை அணிந்தவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 காலடி கூடுதலாக வைத்தார்கள். கையில் ஓர் இலக்கும் இருந்தவர்களிடம்தான் அந்த ஏற்றம் தெரிந்தது.

பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா?

மூச்சு வாங்காமல் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஊக்கத்தின் கோணத்தில் அது தவறான கேள்வி. பான்டெலெய்மன் எக்கெக்காகிஸ் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து சொல்வது: பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாத அளவு மூச்சிரைக்கும் எல்லையைத் தாண்டியதும், பெரும்பாலோருக்கு இன்பம் சரியத் தொடங்குகிறது. டேவிட் வில்லியம்ஸ் 2008-இல் காட்டியதும் இதோடு பொருந்துகிறது. மிதமான பயிற்சியின் போது நன்றாக உணர்ந்தவர்கள் ஆறு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் அதிகமாக அசைந்துகொண்டிருந்தார்கள். உடலுக்கு ஞாபகம் உண்டு. வதைத்த இடத்துக்கு அது மறுபடி போகாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த இன்பத்தை நாம் முன்கூட்டியே குறைத்து மதிப்பிடுகிறோம். கனடாவில் மேத்யூ ரூபி குழு 2011-இல் கண்டது இது: பயிற்சிக்கு முன் எதிர்பார்த்ததைவிட, செய்து முடித்தபோது மக்கள் அதை அதிகமாகவே ரசித்திருந்தார்கள். தொடக்கத்தின் சில நிமிடச் சங்கடம்தான் மனதில் பெரிதாக நின்று மீதியை மறைத்துவிடுகிறது.

இன்பம் தானாக வராவிட்டால் கடன் வாங்கலாம். மில்க்மன் 2014-இல், விடாமல் கேட்கத் தூண்டும் ஒலிப்புத்தகங்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும்படி பூட்டிவைத்துப் பார்த்தார். தொடக்கத்தில் அந்தக் குழு ஒப்பீட்டுக் குழுவைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்குப் போனது. பிறகு நன்றி தெரிவிக்கும் விடுமுறை வந்தது, ஜிம் மூடியது, ஊருக்குப் போய்த் திரும்பியவர்களிடம் அந்தப் பலன் கரைந்துபோயிருந்தது. மைத்துனர் வீட்டுக் கல்யாணம் அமெரிக்காவிலும் நடக்கிறது.

கம்பம்

இதுவரை சொன்னதெல்லாம் தனி மனிதரின் மனதுக்குள் நடப்பவை. மோரிஸின் மாடிப்படி மனதுக்கு வெளியே இருந்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை வாகனங்களுக்கு மூடிவிடுகிறது; இப்போது 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலை, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும். அங்கே யாரும் ஊக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கதவைத் திறந்தால் சாலை. நம் ஊரில் பெண்களின் 57 சதவீதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், இரவு ஏழு மணிக்குத் தெருவிளக்கு எரிகிறதா, நடைபாதையில் நடக்க இடம் இருக்கிறதா, சமையலை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்காமல் மனவுறுதிக்குப் போய்விடுகிறார்கள்.

சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆசியாட் காலனி என்ற நடுத்தர வருவாய்க் குடியிருப்பில் நீரிழிவு ஆய்வாளர் வி. மோகனின் குழு 1990-களில் கணக்கெடுத்தது. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் ஏதாவது பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். ஆய்வுக் குழு அங்கே விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தியது. அதற்குப் பிறகு குடியிருப்புவாசிகளே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கணக்கெடுத்தபோது அந்த எண் 58.7 சதவீதமாகியிருந்தது. கூட்டத்துக்கு எவ்வளவு பங்கு, பூங்காவுக்கு எவ்வளவு பங்கு என்று தராசில் போட்டுப் பிரிக்க முடியாது. தாங்களே பணம் போட்ட பூங்கா என்பதால் நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வும் அதில் இருந்திருக்கும். எதிரே நடந்து வருகிறவர் இரண்டு வீடு தள்ளி இருப்பவர் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் போகாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் போனால், ‘என்ன சார், ஆளையே காணோமே?’ என்று கேட்டுவிட்டு, அவரும் கூடவே திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவார்.